வெட்டிய வெள்ளை ஓரம்

பொழுது விடிந்ததிலிருந்தே வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. படுத்த வாக்கு சரியில்லை போல என்று நினைத்தான் ஓவியன். தைலம் தேய்த்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தான். கையைத் தொங்கவிட்டால் உயிர் போனது. முழங்கையை மடக்கி, முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தால் மட்டும் வலி கொஞ்சம் அடங்கியது. அப்படியே எவ்வளவு நேரம் நிற்பது? பார்க்கிறவன் சிரிப்பான்.

வேன் அந்தப் பழைய கல் வீட்டின் முன்னால் நின்றது. ஒரு காலத்தில் கல் குவாரி முதலாளி தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு. இப்போது ஓவியங்களை மாட்டிக் காட்டும் கூடம். சுவரின் ஒவ்வொரு கல்லும் யாரோ ஒருத்தியின் தலையில் ஏறி இறங்கியதுதான். சுமந்தவர்கள் எவரும் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஓவியனின் அம்மாவும் போனதில்லை. இன்றைக்குத்தான் போகிறாள். துணியில் வரைந்து, சட்டம் அடித்து, இரண்டு சுமைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

"பாத்து, பாத்து. நிலைப்படி இடிக்கும்."

"என்னா கனம்ணே! இந்தம்மா கூடையில நெசமாவே கல்லு வச்சிருக்காங்களா?" என்றான் இளைய சுமைக்காரன்.

"உனக்கு எதைத் தூக்குனாலும் கனம்தான். சம்பளத்தை மட்டும் தூக்கிட்டு ஓடிருவ."

படம் ஆள் உயரத்தைவிடப் பெரியது. இடுப்பில் கூடை, தலையில் சும்மாடு, கல் தூசியில் வெளுத்த புருவம். வாய் நிறையச் சிரிப்பு. சாயங்கால வெயில் முகத்தில் நேராக அடித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்த எவரும் ஒரு நிமிஷம் நின்றுதான் போனார்கள்.

மூத்த சுமைக்காரரும் நின்றார். "யாரைப் பாத்து சார் இப்படிச் சிரிக்கிறாங்க?"

"என்னைத்தான். சின்ன வயசுல பாத்தது. அப்படியே மனசுல பதிஞ்சுபோச்சு."

சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பொய். கூச்சமே இல்லாமல் வந்தது.

பெரியவர் படத்தைப் பார்த்தார். பிறகு ஓவியனைப் பார்த்தார். பிறகு ஓவியனின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "இல்ல சார். உங்களுக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரில்ல பாக்குறாங்க."

"ஆணியை எடுய்யா," என்றான் ஓவியன்.

கூடத்தை நடத்தும் மேடம் உள்ளேயிருந்து கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "நாளைக்குக் காலையில அருங்காட்சியகக் குழு வருது. இந்த ஒரு படத்தைப் பாக்கத்தான் வராங்க. அவங்களுக்குப் பிடிச்சுட்டா நிரந்தரமா அங்கதான் தொங்கும். நீங்க போன பிறகும் உங்க பேர் அந்தச் சுவத்துல இருக்கும்."

அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அவன் கல்லுக்காரி மகன். சாயம் வாங்கப் போன கடையில் கல்லுக்காரி மகன். முதல் படம் விற்ற அன்றைக்கும், "யாரு, அந்தக் கல்லுக்காரி மகனா?" என்றுதான் கேட்டார்கள். பெயர் இல்லாதவனுக்குத்தான் பெயரின் பசி தெரியும். ஆனால் பசித்தவன் எல்லாம் அடுத்தவள் தட்டில் கை வைப்பதில்லை.

மத்தியானம் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். சோப்புத் தண்ணீரில் ஊறிய கை வெளிறிச் சுருங்கியிருந்தது. வந்த வேகத்தில் கேட்டாள்: "படம் எங்கடா?"

"அதோ தொங்குதே, தெரியல?"

"அது இல்ல. என் பெட்டியில இருந்து எடுத்துட்டுப் போனியே, அந்த போட்டோ."

"வீட்டுல இருக்கும். அம்மா படம்தானேக்கா? எனக்கும் அவ அம்மாதான்."

"மூஞ்சி அம்மாவோடது. படம் அவளோடது."

"எவளோடது?"

"தெரியாத மாதிரியே கேளு. ஒத்தக்கண்ணி அக்காவோடது."

ஒத்தக்கண்ணியை அவனுக்கு நன்றாகவே தெரியும். அம்மாவோடு கல் உடைத்தவள். தெறித்த சில்லு ஒன்று இடது கண்ணைக் கொண்டுபோனது. முதலாளி பெரிய மனசு பண்ணி அவளுக்கு ஒரு பழைய கேமராவைக் கொடுத்து, குவாரி ஆட்களின் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலையில் போட்டான். கண்ணை எடுத்துக்கொண்டு கேமரா கொடுத்த கணக்கு. அவள் அதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "மத்தவங்க படம் எடுக்கக் கண்ணை மூடணும். எனக்கு அந்த வேலை மிச்சம்."

ஒவ்வொரு பிலிம் சுருளிலும் கடைசி ஒரு படத்தை அவள் மிச்சம் பிடிப்பாள். அட்டைக்கு எடுக்கும்போது எல்லாரும் செத்தவன் மாதிரி விறைத்து நிற்க வேண்டும். இந்தக் கடைசிப் படம் அப்படியில்லை. அது அவளுக்கும் நிற்கிறவருக்கும் மட்டும் ஆனது. குடிசையின் பின்பக்கம் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு தானே கழுவி எடுப்பாள். அந்த மருந்தின் புளித்த வாடை அவள் சேலையை விட்டுப் போனதே இல்லை. சிரித்தறியாத பொம்பளைகள் அவள் முன்னால் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை அவனோ அக்காவோ பார்த்ததில்லை.

பிறகு கல் தூசி நெஞ்சில் இறங்கி, ஒத்தக்கண்ணி இருமி இருமிச் செத்தாள். ஊரில் எல்லார் முகமும் படத்தில் இருந்தது, அவள் முகத்தைத் தவிர. கேமரா வைத்திருந்தவள் அவள் ஒருத்திதானே.

ஆனால் அம்மாவை எடுத்த அந்தப் புகைப்படத்தில் அவள் இரண்டு இடத்தில் இருந்தாள். வெயில் முதுகில் அடித்ததால் அவள் நிழல் அம்மாவின் காலடிவரை நீண்டு விழுந்திருந்தது. கேமராவைக் கண்ணுக்குத் தூக்கியதால் முழங்கைகள் இரு பக்கமும் விரிந்து, காது வைத்த பானை போல ஒரு நிழல். இன்னொன்று, படத்தின் கீழே விட்டிருந்த வெள்ளை ஓரத்தில் அவள் எழுதிய பெயர்.

ஓவியன் நிழலை வரையவில்லை. நிழல் இருந்தால் கேள்வி வரும். அந்த இடத்தில் மஞ்சள் மண்ணைப் பூசினான். படத்தைப் பெரிதாக்க அதன் மேல் கட்டம் போட்டபோது வெள்ளை ஓரம் கணக்கில் இடித்தது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நிழலைக் காணோம்," என்றாள் அக்கா படத்தின் முன்னால் நின்று. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்ட. சரி, போகட்டும். கீழ ஒரு வரி போடுடா. போட்டோ எடுத்தது இன்னாருன்னு. உன் பேரு பெருசாவே இருக்கட்டும். அவ பேரு பொடி எழுத்துல இருந்தாப் போதும்."

"செத்தவளுக்கு எதுக்குக்கா பேரு? புள்ளையா, குட்டியா? யாரு வந்து கேக்கப் போறா?"

"கேக்க ஆளில்லாதவகிட்ட எடுத்தா அது களவு இல்லையா? இதே பேச்சைத்தான்டா முதலாளியும் பேசினான். நீ நின்னு பேசுற இடமும் அவன் வீடுதான். பொருத்தமாத்தான் இருக்கு."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "என்னைப் பெத்தவ மூஞ்சியை வரைய நான் எவகிட்டயும் கை கட்டி நிக்க மாட்டேன். போ. அங்க அழுக்குத் துணி கெடக்கும்."

அக்கா நடந்தாள். வாசல்வரை போனவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். "நீ வரைஞ்ச அம்மா சிரிக்கலடா. யாருமில்லாத இடத்தைப் பாத்துப் பல்லைக் காட்டுறா."

மேடம் சாப்பிடப் போனார். சுமைக்காரர்கள் போய்விட்டார்கள். ஓவியன் கதவைச் சாத்திக்கொண்டு வார்னிஷ் டப்பாவைத் திறந்தான். வெளியே உச்சி வெயில். கல் சுவருக்குள் மட்டும் கிணற்றடி போலக் குளிர்ந்து கிடந்தது.

முதலில் வாடைதான் வந்தது.

வார்னிஷ் வாடை இல்லை. புளித்த வாடை. ஈரத் துணியில் நாள்பட ஊறிய மருந்தின் வாடை. டப்பாவை மூடிப் பார்த்தான். வாடை கூடியது.

படத்தின் அடி விளிம்பில் ஒரு கறுப்புத் தீற்றல் இருந்தது. தூக்கி வந்தவன் கை அழுக்கு என்று நினைத்து, வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, துணியால் துடைத்தான். துணி சுத்தமாக இருந்தது. தீற்றல் அங்கேயே இருந்தது. மஞ்சள் சாயத்தைக் குழைத்து மேலே பூசினான். காய்ந்த மண்ணில் ஊற்றிய தண்ணீர் மாதிரி மஞ்சள் உள்ளே இறங்கிப்போனது. கறுப்பு மேலே வந்தது.

இப்போது அது கொஞ்சம் நீண்டிருந்தது.

அதற்கு இரண்டு பக்கமும் காது இருந்தது.

அவன் பின்வாங்கினான். தோள் வலி கழுத்துவரை ஏறியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கண்கள் அவனைப் பார்க்கவில்லை. இடது பக்கம் நகர்ந்தான். பார்க்கவில்லை. வலது பக்கம் போனான். அந்தப் பார்வை அவன் காதை உரசிக்கொண்டு பின்னால் போனது. சொந்தக் கையால் மயிரிழை மயிரிழையாக வரைந்த கண்கள். எங்கே நின்றாலும் அவை அவனைத் தாண்டித்தான் போயின.

டக்.

அடுத்து ஒரு கிர்ர்ர். பல்சக்கரம் சுற்றுகிற சத்தம். ஒரு படம் முடிந்து அடுத்த படத்துக்குச் சுருள் நகரும் சத்தம்.

திரும்பினான்.

வெறும் சுவர்.

சுவரோரத்திலிருந்து இருமல் கேட்டது. அந்த இருமலை அவனுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் சரளைக் கல் உருளுகிற இருமல். அவன் வளர்ந்த தெருவில் வீட்டுக்கு வீடு கேட்ட சத்தம். இருமல் மெல்ல நெருங்கி வந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் நின்றது. பிடரியில் மூச்சு பட்டது.

"கொஞ்சம் தள்ளு," என்றது ஒரு பெண் குரல், மெதுவாக, வேலையில் கண்ணாக இருப்பவள் சொல்வது போல. "மறைக்கிற."

டப்பா கவிழ்ந்தது. கதவு திறந்ததும் வாசலுக்கு வந்ததும் அவனுக்கு நினைவில்லை. முற்றத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. நட்ட நடுப்பகலில் மரத்தின் நிழல், வேனின் நிழல், அவன் நிழல் எல்லாம் காலடியில் நாய்க்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தன.

ஒன்று மட்டும் நீண்டு கிடந்தது. அவன் காலடியில் தொடங்கி மதில்வரை. முழங்கைகள் விரிந்து.

மறுநாள் காலையில் வராமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் பெயரின் பசி பயத்தைவிடப் பெரியது. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். படத்தைப் பார்த்தான். நிழல் முழுதாக வந்திருந்தது. அம்மாவின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு, சாயங்காலத்து நீளத்தில், எவர் கை வைத்தும் வரைய முடியாத சுத்தத்தோடு.

மேடம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ராத்திரியோட ராத்திரியா வந்து வரைஞ்சீங்களா? சொல்லவே இல்லையே!"

குழு வந்தது. தலைவி நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள், கூட இரண்டு பேர். பின்னால் பத்திரிகை ஆள் ஒருவன், கழுத்தில் கேமராவோடு. எல்லாரும் படத்தின் முன்னால் நின்றார்கள். நின்ற மாத்திரத்தில் எல்லாரும் ஒன்றாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள்.

யாருமில்லை. தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

"ஏமாந்துட்டோம்," என்றார் தலைவி. "நமக்குப் பின்னால யாரோ வந்துட்ட மாதிரியில்ல அந்தம்மா பாக்குறாங்க! இப்பத்தான் புரியுது. கீழ விழுற இந்த நிழலுக்குச் சொந்தக்காரரைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க. இதுதான் படத்தோட உயிரு. தம்பி, இது யாரோட நிழல்?"

அக்கா வாசலில் நிற்பதை ஓவியன் கண்டான். துணி வெளுத்த ஈரக்கையோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணும் அதையேதான் கேட்டது.

சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ச்சொல். பெயர் தெரியாவிட்டால் பட்டப்பெயரையாவது சொல்லியிருக்கலாம். புளித்த வாடை அவன் மூக்கருகே வந்து காத்துக்கொண்டிருந்தது. பின்னால் இருமல்கூட இல்லை. கேட்கிறவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னோட நிழல்," என்றான் ஓவியன்.

டக்.

எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் பத்திரிகை ஆளைப் பார்த்தார்கள்.

"நான் இன்னும் எடுக்கவே இல்லீங்களே," என்றான் அவன்.

ஓவியனின் இடது இமை மூடியது. திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. கைகள் இரண்டும் தாமாக உயர்ந்தன. முழங்கைகள் விரிந்தன. விரல்கள் முகத்துக்கு முன்னால் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டன. அந்த நொடியில் தோள் வலி விளக்கை அணைத்தது போல நின்றது.

நிழலைப் போலவே நின்று காட்டுகிறான் என்று நினைத்து மேடம் கை தட்டினார். பத்திரிகை ஆள் படம் எடுத்தான். எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். இன்னொரு முறை எடுத்தான். பார்த்தான். முகம் வெளிறியது.

"சார், நீங்க படத்துல விழமாட்டேங்குறீங்க."

திரையில் குழு நின்றது. மேடம் நின்றார். சுவரில் படம் இருந்தது. ஓவியன் நின்ற இடத்தில் வெறும் தரை. தரையில் ஒரு நிழல்.

அக்கா அவன் அருகில் வந்து காதோடு சொன்னாள்: "உன் நிழல்னியே, அவ குடுத்துட்டாடா. வச்சுக்க."

குழுவுக்குப் படம் பிடித்துவிட்டது. பத்திரிகை ஆளின் கேமராவில் ஏதோ கோளாறு என்று சொல்லி மற்றதை மறந்தார்கள். அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் அம்மா ஏறினாள். கீழே ஓவியனின் பெயர் பொறித்த அட்டை.

அதற்குப் பிறகு அவன் எந்தப் படத்திலும் விழவில்லை. அடையாள அட்டைக்குப் போய் உட்கார்ந்தான். பின்னால் இருந்த நீலத் திரைதான் வந்தது. இடது கண் திறக்கவில்லை. வைத்தியர்கள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் குறை எதுவும் இல்லை என்றார்கள். கையை இறக்கினால் தோள் பிய்ந்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் அக்கா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேரு என்னக்கா? சொல்லு. நாளைக்கே போட்டுர்றேன்."

"அந்த ஓரத்துல எழுதியிருந்துச்சுடா."

"அதைத்தான் வெட்டிட்டேன்."

அக்காவின் கை நின்றது. "படிச்சிட்டுத்தானே வெட்டுன?"

அவன் தலை குனிந்தான்.

"பாவி," என்றாள். சத்தம் போடவில்லை. "எனக்கு எழுத்து எங்கடா தெரியும்? நான் அவளை அக்கான்னுதான் கூப்பிட்டேன். ஊரு ஒத்தக்கண்ணின்னு கூப்பிட்டுச்சு. அவ பேரு அந்த ஒரு இடத்துலதான் இருந்துச்சு. அதனாலதான் பெட்டிக்குள்ள அடியில வச்சுக் காபந்து பண்ணினேன்."

குவாரிக்குப் போனான். குழியில் பச்சைத் தண்ணீர் நின்றது. அலுவலகம் இருந்த இடத்தில் முள் மண்டியிருந்தது. மிச்சமிருந்த கிழவிகளிடம் கேட்டான். பழைய அடையாள அட்டைகளை எடுத்து வந்து நீட்டினார்கள். அட்டைக்கு அட்டை முகம் இருந்தது, பெயர் இருந்தது. எடுத்தவள் பெயர் எதிலும் இல்லை. "ஒத்தக்கண்ணி எடுத்ததுப்பா," என்றார்கள் எல்லாரும் ஒரே வாயாக. "பேரா? அவளுக்கு என்ன பேரு... நாக்குலயே நிக்குது, வரமாட்டேங்குது."

இப்போது அவன் தினமும் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுகிறான். படத்துக்கு எதிரே ஒரு கண்ணை மூடி, முழங்கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறான். அப்படி நின்றால்தான் வலிப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்: "கொஞ்சம் தள்ளுங்க சார், மறைக்கிறீங்க."

படத்தின் கீழே மாட்டிய அட்டை விடிந்தால் வெளுத்துவிடுகிறது. அவன் பெயர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. காவலாளிகள் புது அட்டை மாட்டுகிறார்கள். அடுத்த நாள் அதுவும் வெளுத்து, வெட்டி எடுத்த ஓரம் போல, வெறும் வெள்ளைத் துண்டாகத் தொங்குகிறது. அருகே போனால் புளித்த வாடை அடிக்கிறது என்று பெருக்குகிறவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

ஒத்தக்கண்ணிக்கு அவன் தர வேண்டியது அவளுடைய பெயர். அது இன்னும் பாக்கி.